கோல்யோவின் குளியல் தொட்டி

மரியெத்தா கதவில் ஒட்டிவிட்டுப் போன சிவப்புக் காகிதத் துளியைக் கோல்யோ நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. நல்ல பசை. இந்த ஊரில் தார் ரோட்டில் ஒட்டுவதில்லை, காரை சுவரில் ஒட்டுவதில்லை, போன தேர்தலுக்கு முன் பதித்த தண்ணீர்க் குழாய் பக்கத்துக் குழாயோடு ஒட்டவில்லை. ஒரு மனுஷனைக் குற்றவாளி என்று சொல்லும் காகிதம் மட்டும் உடும்பு மாதிரிப் பிடித்துக்கொள்ளும்.

துளிக்குக் கண் இருந்தது, வாய் இருந்தது. அழுதுகொண்டிருந்தது. தண்ணீரை வீணாக்கும் வீட்டுக்கு அழுகிற சிவப்புத் துளி, சேமிக்கும் வீட்டுக்குச் சிரிக்கிற நீலத் துளி. மரியெத்தா ஆயுசு முழுக்கப் பாலர் பள்ளி நடத்தியவள். ஓய்வு கொடுத்து அவளிடமிருந்து குழந்தைகளைப் பிரித்துவிட்டார்கள். அவள் நடு வாசல்காரர்களைப் பிடித்துக்கொண்டாள்.

ருத்னிகோவோவில் உருக்காலைக்காரர்களுக்காகக் கட்டிய அடுக்குமாடி அது. கட்டடம் ஒன்று, வாசல் மூன்று. வாசலுக்கு ஒரு படிக்கட்டு, ஒரு தண்ணீர் மீட்டர், ஒரு சண்டை. நடு வாசலுக்கு மரியெத்தா தலைவி. அவளை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் தைரியமும் இல்லை. அவள் மூன்றாம் மாடி. அவளுக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் கோல்யோவும் அவர் மனைவி ராத்காவும்.

இலையுதிர்காலத்தில் அணை வற்றிப் போயிற்று. மழை இல்லை என்று நகராட்சி சொன்னது. அதே மழையில்லாத மலையில் எவனோ ஒரு பெரிய மனுஷனின் ஓட்டலுக்கு, சறுக்கி விளையாடக் குழாய் வைத்துப் பனி செய்தார்கள். கோல்யோ அதைப் பற்றிக் கேட்டபோது, பனி வேறு தண்ணீர் வேறு என்று பதில் வந்தது. அவர் படித்தது ஏழாம் வகுப்பு. எட்டாம் வகுப்பில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

அப்புறம் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம் என்று தண்ணீர் விட்டார்கள். கூடவே வீட்டுக்கு வீடு ஒரு காகிதமும் கொடுத்தார்கள். பல் விளக்க ஒரு தம்ளர் போதும். குளிக்கும்போது பாட்டுப் பாட வேண்டாம், பாட்டு குளியலை நீட்டும். குளித்த தண்ணீர் ஓடிவிடாதபடி தரை வடிகாலில் துணி அடைத்து, முகந்து கழிப்பறைக்கு ஊற்றவும். எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில்: தண்ணீர் இல்லாத நேரத்தில் குழாயைத் திறந்து பார்த்தால் மறக்காமல் மூடவும். இந்த ஒன்று மட்டும் தேவைதான். இந்த ஊரில் எல்லோருக்கும் அந்த வியாதி உண்டு. வராது என்று தெரிந்தே குழாயைத் திருகுவார்கள், அது ஆஸ்துமாக்காரன் மாதிரி இழுக்கும், அதைத் திட்டிவிட்டு அப்படியே விட்டுப் போவார்கள்.

இதற்கிடையில் தபால் ஆபீஸ் எதிரே பூமிக்குள் உடைந்த பெரிய குழாய் மூன்று வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. அங்கே நாணல் முளைத்துவிட்டது. தவளை கத்தியது. வசந்தத்தில் ஒரு ஜோடி வாத்து வந்து குடித்தனம் நடத்திவிட்டுப் போனது. வாத்துக்கு யாரும் காகிதம் கொடுக்கவில்லை.

கோல்யோவுக்குச் சிவப்புத் துளி வந்தது தொட்டியால். வாசலில் மற்ற எல்லோரும் குளியல் தொட்டியைப் பெயர்த்தெடுத்துவிட்டு ஷவர் மாட்டிக்கொண்டார்கள். கோல்யோ எடுக்கவில்லை. அது அவர் வேலை பார்த்த வார்ப்படச் சாலையிலேயே வார்த்த இரும்புத் தொட்டி. நாலு ஆள் தூக்கினால் ஐந்தாவது ஆள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அதில் தண்ணீரைப் பிடித்து நிரப்பி வைத்திருந்தார்.

"கோல்யோ அண்ணே, ஊரே தவிக்குது, நீங்க கப்பல் மாதிரி தொட்டிய வச்சுக்கிட்டு அது நிறைய தண்ணி வச்சிருக்கீங்க" என்றாள் மரியெத்தா.

"கப்பலுக்குத் தண்ணி வெளியில இருக்கும் டீச்சர். இதுக்கு உள்ள இருக்கு."

"விளையாடாதீங்க. நிறைஞ்ச தொட்டி வீண் செலவுன்னு நகராட்சிக் குழு சொல்லியிருக்கு."

"நான் குளிக்கவா வச்சிருக்கேன்? நான் குளிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? கிட்ட வாங்க, மோந்து பாருங்க."

மரியெத்தா ஒரு படி கீழே இறங்கிக்கொண்டாள்.

"தொட்டியத் தொறந்து விட்டுடுங்க. காலியா இருந்தா நீலத் துளி."

"அதாவது, தண்ணிய சேமிக்கணும்னா தண்ணிய சாக்கடையில விடணும்."

"எதைச் சொன்னாலும் ஏன் இப்படிக் கோணலாவே பேசறீங்க? முன்மாதிரி வாசல் போட்டியில நாம ஜெயிக்கப் போறோம் அண்ணே. பித்தளைத் தகடு! சுவத்துல! உங்க ஒருத்தரால அது கெட்டுப்போச்சுன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்."

நீங்கள் என்றைக்குச் சும்மா இருந்தீர்கள் என்று கேட்க வந்தார். அதற்குள் உள்ளே போன் அடித்தது.

சோஃபியாவிலிருந்து சம்பந்தி ஓக்னியான். கோல்யோவின் மகன் திம்சோ கோடையில்தான் ஓக்னியானின் மகள் ஈவாவைக் கட்டினான். ஓக்னியானுக்குத் தலைநகரில் மூன்று கடைகள். மூன்றிலும் குளியலறைச் சாமான்தான்: குழாய், ஓடு, ஷவர், உட்கார்ந்தால் சூடாகிற கழிப்பறைப் பீடம். கல்யாணப் பந்தியில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவர், "சம்பந்தி ஊர்ல ஒரு கடை போடலாம்னு பார்த்தேன். போட்டா வாளிதான் விக்கும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். திம்சோவும் சிரித்தான். அதுதான் கோல்யோவின் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது.

"சம்பந்தி, உங்க நாள் வருதே" என்றார் ஓக்னியான். கோல்யோ என்பது நிக்கோலாஸின் செல்லப் பேர்; புனித நிக்கோலாஸ் நாள் அந்தப் பேர்க்காரர்களுக்கெல்லாம் பிறந்தநாள் மாதிரி. "நிக்கோலாஸ் நாளுக்கு நீங்க ரெண்டு பேரும் இங்க வந்துடுங்க. ஓட்டல்ல இடம் சொல்லிடறேன். அங்க தண்ணிகூட இல்லாம எதுக்குக் கஷ்டப்படறீங்க?"

"யார் சொன்னது தண்ணி இல்லன்னு?"

"டீவில காட்டறானே."

"டீவி காட்டும். எங்க வீட்ல தண்ணி ஓடுது. என் பேர் கொண்ட நாள்ல நான் ஓட்டல்ல போய் உக்காந்தா, என் வீட்டுக்கு வர்றவனுக்கு யார் கதவு தொறக்கறது? நீங்கதான் இங்க வரணும். பசங்களயும் கூட்டிக்கிட்டு வாங்க."

போனை வைத்ததும் ராத்கா இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஏன்யா, எந்த வீட்ல ஓடுது தண்ணி?"

"ஓடும்."

"அந்த மனுஷன் குழாய் விக்கறவரு. மத்தவங்க ஒரு வீட்டுக்குப் போனா மாப்பிள்ளை பொண்ணப் பாப்பாங்க, இவர் கழிப்பறையத்தான் பாப்பார். சங்கிலிய இழுத்துத் தண்ணி வரலன்னு வையி, அவ்வளவுதான். இனிமே உன் நாளு, என் நாளு, கிறிஸ்துமஸ், ஈஸ்டர் எல்லாம் சோஃபியாவுலதான். உன் மகனும் அங்கயே இருந்துக்குவான், இந்தப் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான்."

அவள் சொன்னது சரி. கோல்யோ எழுந்து வீட்டிலிருந்த காலி ஜாடிகளை எண்ணத் தொடங்கினார்.

அன்றிலிருந்து வீட்டில் ராணுவச் சட்டம். காய் கழுவிய தண்ணீரில் தட்டு கழுவினார்கள், தட்டு கழுவியதில் தரை துடைத்தார்கள், தரை துடைத்தது கழிப்பறைக்குப் போயிற்று. அதற்கப்புறமும் அதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா என்று கோல்யோ குழிக்குள் எட்டிப் பார்த்தார். ஊறுகாய் ஜாடி, சாராயப் புட்டி, மருந்து பாட்டில் எல்லாவற்றிலும் தண்ணீர். கட்டிலுக்கு அடியில் தண்ணீர். பெரிய பீப்பாயில் மட்டும் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் உப்பில் ஊறிக்கொண்டிருந்தது. அந்த உப்புத் தண்ணீரைக் கழிப்பறைக்கு ஊற்றினால் என்ன என்று ஒரு நாள் கேட்டார். ராத்கா கரண்டியைக் கையில் எடுத்த விதத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை விட்டார்.

"உன் தலை ஏன் பளபளன்னு இருக்கு?" என்றார் இன்னொரு நாள். "எனக்குத் தெரியாம கழுவினியா?"

"எண்ணெய்யா அது! பிசுக்கு! தொட்டுப் பாரு!"

அவர் தொட்டும் பார்த்தார். பெண்டாட்டி என்பதற்காக நம்பிவிட முடியுமா?

அவர் தன் பங்குக்கு வீட்டுக் கழிப்பறையையே விட்டுவிட்டார். சின்ன வேலைக்கு மூலைச் சாராயக் கடை, பெரிய வேலைக்குப் பென்ஷன்காரர் சங்கம். சங்கத்தில் அவரை அவ்வளவு அடிக்கடி யாரும் பார்த்ததில்லை. தலைவர் பதவிக்கு நிற்கப் போகிறார் என்று பேச்சுக் கிளம்பியது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கெண்டை வரும் வரைக்கும்.

நிக்கோலாஸ் நாளில் கெண்டை இல்லாமல் மேஜை கிடையாது. அணை நிறைந்திருந்த காலத்தில் நல்ல கெண்டை கிடைக்கவில்லை. வற்றிய பிறகு ஆட்கள் சேற்றில் இறங்கிக் கையால் அள்ளினார்கள். ஐஸில் வைத்த மீனைக் கோல்யோ நம்பமாட்டார். மீன் எப்போது செத்தது என்று மீனைத்தான் கேட்க வேண்டும், அது சொல்லாது. ஆகவே இரண்டு நாள் முன்னதாகவே உயிரோடு ஒன்றை வாங்கி, ஈரச் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி வீட்டுக்குத் தூக்கி வந்தார். வைக்க ஒரே இடம்தான் இருந்தது.

"போச்சு" என்றாள் ராத்கா. "இப்ப இந்தத் தொட்டி அதோட வீடு. நான் ஒரு வாளி எடுத்தா அதுக்கு முதுகு தெரியுது. இன்னொரு வாளி எடுத்தா என்னை மொறைக்குது."

அடுத்த நாளே தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வந்தது. கழிப்பறையில் ஊற்றினால் அணையின் சேற்று நாற்றம் வீடெல்லாம் நின்றது.

நிக்கோலாஸ் நாளுக்கு முந்தின சாயங்காலம் நகராட்சி இன்னொரு காகிதம் ஒட்டியது. புனித நாளை முன்னிட்டு நாளை மட்டும் விடியற்காலை முதல் நண்பகல் வரை தொடர்ந்து தண்ணீர் விடப்படும். கீழே முத்திரை, கையெழுத்து, ஒரு மீன் படம்.

கோல்யோ அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். இத்தனை வயசில் அச்சடித்த எதையும் அவர் நம்பியதில்லை. நாள்காட்டியைக்கூட ராத்காவிடம் கேட்டுத்தான் உறுதி செய்துகொள்வார். ஆனால் இது புனிதர் பேரில் போட்ட காகிதம். நிக்கோலாஸ் பேரில் பொய் சொல்ல நகராட்சிக்குக்கூடக் கொஞ்சமாவது பயம் இருக்காதா?

"நாளைக்குக் காலையில புதுசா நிரப்பிடலாம்" என்றார். "இந்தச் சேத்துத் தண்ணிய சம்பந்தி கண்ணுல காட்ட வேணாம்." கெண்டையை எடுத்துத் துணி துவைக்கும் வாளியில் தலைகீழாக நிறுத்தினார். தொட்டியின் அடைப்பானைப் பிடுங்கினார். ஜாடி, புட்டித் தண்ணீரையெல்லாம் கொட்டித் தொட்டியைத் தேய்த்துக் கழுவினார். நாளைக்குத்தான் ஆறு மாதிரி வரப் போகிறதே.

தொட்டி காலியாகும் சத்தம் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தப்பாது. கொஞ்ச நேரத்தில் மேலே செருப்புச் சத்தம் கேட்டது. கோல்யோ கதவைத் திறந்தபோது, சிவப்புத் துளிக்குப் பக்கத்தில் நீலத் துளி ஒன்று ஒட்டியிருந்தது. பழையதை மரியெத்தாவாலும் உரிக்க முடியவில்லை போலிருக்கிறது. ஒன்று அழுதது, ஒன்று சிரித்தது.

விடிந்தது. கோல்யோ குழாயைத் திருகினார். குழாய் இருமியது, இழுத்தது, ஓய்ந்தது.

"வரும்" என்றார்.

வரவில்லை. ராத்கா அடுப்பைப் பற்றவைத்தாள். கெண்டையை அடித்து, கடையில் வாங்கிய கனிமத் தண்ணீரில் கழுவி, வயிற்றில் வெங்காயமும் வால்நட்டும் திணித்து அடுப்பில் வைத்தார்கள். அதோடு வீட்டிலிருந்த கடைசி பாட்டிலும் தீர்ந்தது. குழாய் பேசவே இல்லை. படிக்கட்டில் ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் யாரோ குழாயைத் திருகித் திட்டுவது கேட்டது.

"நம்பினியே" என்றாள் ராத்கா. "நாப்பது வருஷமா என்னை நம்பாதவன், ஒரு மீன் படத்த நம்பினியே!"

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. கடைசி வாசல் வீட்டில் எவனோ குளிக்கிறான். பாட்டும் பாடுகிறான்.

கோல்யோ ஜன்னலைத் திறந்து கழுத்தை நீட்டினார். கடைசி வாசலில் ஒருத்தி கம்பளத்தையே துவைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வருதா?"

"பிச்சுக்கிட்டு வருது! உங்களுக்கு வரலையா? உங்க டீச்சர்தான் விடியக்காலையிலேயே விளக்கு எடுத்துக்கிட்டு நிலவறைக்கு இறங்கினாங்களே, கேட்டுப் பாருங்க!"

புரிந்துவிட்டது. இன்றைக்குத்தான் நகராட்சிக் குழு வந்து மீட்டரைப் பார்த்துத் தகடு மாட்டப் போகிறது. நண்பகல் வரை தண்ணீர் விட்டால் வாசலே குளிக்கும், மீட்டர் பம்பரமாகச் சுற்றும். மரியெத்தா நிலவறையில் வாசலின் பெரிய வால்வை மூடிவிட்டுப் பூட்டிக்கொண்டு, பாசிமணி மாலை கழுத்தில் போட்டு, குழுவை அழைத்து வர நகராட்சிக்குப் போய்விட்டாள். போன் அடித்தால் எடுக்கவில்லை.

கோல்யோ இரும்புக் கடப்பாரையோடு கீழே இறங்கினார். பூட்டு நல்ல பூட்டு, கதவுதான் மோசம். மூன்றாவது நெம்பலில் நிலையோடு வந்தது. வால்வைத் திறந்தார். குழாய்கள் கட்டடம் முழுக்க முனகின.

மூச்சு வாங்க மேலே வந்தபோது தொட்டிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி வந்துகொண்டிருந்தது. காலையில் எல்லோரும் திறந்து பார்த்துத் திட்டிவிட்டு மூடாமல் போன குழாய்கள் அத்தனையும் இப்போது ஒன்றாக ஓடின. அழுத்தம் எங்கிருந்து வரும்? அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து அந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது மொட்டைத் தலையில் ஒரு சொட்டு விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தார். கூரையில் கறுப்பாக ஒரு ஈரம், முட்டைக்கோஸ் அளவு. பார்க்கப் பார்க்க அது பூசணி ஆயிற்று. நடுவில் காரை பிளந்து, தண்ணீர் சரியாகத் தொட்டிக்குள் இறங்கியது. கீழே குழாயில் நூல், மேலே கூரையில் கயிறு.

ராத்கா ஓடிவந்தாள். "ஐயையோ! என்னய்யா இது?"

"டீச்சர் வீட்டுக் குழாய். வால்வ மூடிட்டு, நிஜமாவே நின்னுடுச்சான்னு மேல வந்து திருகிப் பாத்திருக்கா. மூட மறந்துட்டா."

"தரை வடிகால்ல போகாதா?"

"துணி அடச்சிருப்பா. காகிதத்துல சொல்லியிருக்கே."

"பாவம்யா! அவ கம்பளம் எல்லாம் போகுமே. போய் வால்வ மூடு!"

கோல்யோ தொட்டியைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். மூடினால் மரியெத்தாவின் கம்பளம் பிழைக்கும். தொட்டி காய்ந்துவிடும். இன்னும் கொஞ்ச நேரத்தில் சம்பந்தி வந்துவிடுவார். நண்பகலுக்கு நகராட்சி எப்படியும் நிறுத்திவிடும்.

"தொட்டி பாதி வரட்டும்" என்றார். "அப்புறம் மூடறேன்."

"மனுஷனாய்யா நீ?"

"நேத்து மனுஷனா இருந்து தொட்டியக் காலி பண்ணேன். என்ன கெடச்சுது? ஒரு காகிதம், சிரிக்குது."

அழைப்பு மணி அடித்தது.

ஓக்னியான் நீர்நாய்த்தோல் மாதிரி பளபளக்கும் கோட்டில் நின்றார். பின்னால் அவர் மனைவி லிலியானா, பூங்கொத்தோடு ஈவா, வைன் புட்டியோடு திம்சோ.

"பேர் நாள் வாழ்த்து சம்பந்தி! நூறு வயசு இருக்கணும்! அது சரி, கதவு ஏன் ஒரு பக்கம் அழுவுது, ஒரு பக்கம் சிரிக்குது?"

"சின்னப் பிள்ளைங்க ஒட்டறதுதான். உள்ள வாங்க."

"திம்சோ, டிக்கியில இருக்கற கேன எடுத்துக்கிட்டு வா. நாலு கேன் தண்ணி கொண்டாந்திருக்கேன் சம்பந்தி. எதுக்கும் இருக்கட்டுமேன்னு."

கோல்யோவுக்குக் காது வரை சூடு ஏறியது. "வண்டியிலயே இருக்கட்டும். எங்க வீட்ல தண்ணி ஓடுதுன்னு சொன்னேன்ல."

அந்த நேரம் பார்த்துக் குளியலறையில் காரை ஒரு பாளமாகப் பெயர்ந்து தொட்டிக்குள் விழுந்தது. பீரங்கி வெடித்த மாதிரி. ஓக்னியான் கோட்டைக் கழற்றாமலே அங்கே போனார். கதவில் நின்று மேலே பார்த்தார். அருவி மாதிரிக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஓடுதுன்னு சொன்னீங்க" என்றார் மெதுவாக. "இப்படி ஓடும்னு நான் நெனைக்கல."

திம்சோ சிரிக்கத் தொடங்கினான். அப்பா முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

படிக்கட்டில் பல பேர் ஏறி வரும் சத்தம். பள்ளி ஆண்டுவிழாக் குரலில் மரியெத்தா: "இதுதாங்க எங்க முன்மாதிரி வாசல். இன்னைக்குக் காலையிலிருந்து ஒரு சொட்டுகூட..." அதோடு குரல் நின்றது. மூன்றாம் மாடியிலிருந்து தண்ணீர் படி படியாக இறங்கி வந்து அவளுடைய விசேஷச் செருப்பைத் தொட்டது.

"யாரு வால்வத் தொறந்தது?" என்று கத்தினாள்.

கோல்யோ வெளியே வந்தார். "யாரு மூடினது?"

"பூட்ட ஒடச்சீங்களா? ரௌடித்தனம்! குழு இருக்கும்போதே சொல்றேன், இவர்தான்..."

"சொல்லுங்க டீச்சர். ஆனா மேல ஓடறது யார் குழாய்னும் சொல்லிடுங்க. முதல் விதி என்ன? பெரிய எழுத்துல போட்டிருக்கே?"

மரியெத்தாவின் வாய் திறந்தது, மூடியது. வாளியில் நிறுத்திய கெண்டையும் நேற்றிரவு அப்படித்தான் செய்தது.

"சண்டை அப்புறம்!" என்று இருவரையும் விலக்கிக்கொண்டு ஓக்னியான் மேலே பாய்ந்தார். "சாவி குடுங்கம்மா!" மரியெத்தா கொடுத்தாள். கணுக்கால் தண்ணீரில் இறங்கி, குழாயை மூடி, தரையில் குப்புறப் படுத்துக் கை விட்டு வடிகாலிலிருந்து துணியைப் பிடுங்கினார். துணி இல்லை, அது மரியெத்தாவின் பழைய கம்பளிச் சட்டை. தண்ணீர் கொட கொடவென்று இறங்கியது. அவர் கீழே வந்தபோது கோட்டிலிருந்து சொட்டியது, முகத்தில் பல் முழுக்கத் தெரிந்தது.

"எத்தனை வருஷமாச்சு சம்பந்தி!" என்றார். "கடை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி நான் ப்ளம்பர். வீட்ல யாருக்கும் சொல்றதில்ல. அந்த வடிகால் பழைய மாடல், விரல விட்டதும் தெரிஞ்சுபோச்சு!"

லிலியானா வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

குழுவின் தலைவர், மார்பில் பட்டை அணிந்த பருத்த ஆள், இன்னும் படியில் நின்றார். தகடு கையில் இருந்தது.

"இப்ப என்ன செய்யறது?" என்றார் புகைப்படக்காரர்.

"என்ன செய்யறது? தகட்டுல பேர் வெட்டியாச்சு. நடு வாசல்னு வெட்டின தகட வேற வாசல்ல மாட்ட முடியுமா? போன மாச மீட்டர் கணக்கப் போட்டுக்கோ. படத்த இடுப்புக்கு மேல எடு."

மாட்டினார்கள். ஆணி அடித்த இடத்திலும் கொஞ்சம் தண்ணீர் கசிந்தது. மரியெத்தா தகட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டாள். அழுதாளா சிரித்தாளா என்று சொல்ல முடியவில்லை. அவள் வீடு முழுக்க ஈரம், போக இடமில்லை. கோல்யோ வீட்டு அடுப்பிலிருந்து வால்நட்டும் மீனும் சேர்ந்த வாசனை படிக்கட்டு முழுக்க இறங்கியது.

பேர் நாளில் கதவை மூட முடியாது. வந்தவனை வெளியே நிறுத்த முடியாது. பூட்டை உடைத்தவனென்றும் வால்வை மூடியவளென்றும் அன்று பார்க்க முடியாது.

"உள்ள வாங்க" என்றார் கோல்யோ, பல்லைக் கடித்துக்கொண்டு. "எல்லாரும்தான். டீச்சர், நீங்களும்."

வந்தார்கள். குழு வந்தது, புகைப்படக்காரர் வந்தார், நடு வாசலே வந்தது. பாடிக்கொண்டு குளித்த கடைசி வாசல்காரன்கூட ஈரத் தலையோடு வந்தான். ஓக்னியான் கோல்யோவின் கம்பளிச் சாக்ஸில் மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து, வடிகாலை எப்படிப் பிடுங்கினேன் என்று நான்காம் முறையாகச் சொன்னார். கெண்டையைப் பிட்டார்கள், கோப்பைகள் நிறைந்தன.

அப்புறம் ஓக்னியான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சம்பந்தி, அந்தப் பக்கம்தானே?"

மேஜையில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கோல்யோவுக்கு எதுவும் கேட்கவில்லை. ராத்கா முள்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். கதவு மூடும் சத்தம். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. அப்புறம் இழுத்தார்.

இறங்கியது. கணீரென்று, தலைநகரத்துச் சத்தத்தோடு இறங்கியது. குழாய்கள் சுவருக்குள் பெருமையாக உறுமின.

ஓக்னியான் கை துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். குழாய் விற்கிறவன் குழாயை அளக்கிற கண்ணால் கோல்யோவைப் பார்த்தார்.

"நல்லா இறங்குது சம்பந்தி."

"எப்பவும் இறங்கும்" என்றார் கோல்யோ.

"திம்சோ" என்றார் ஓக்னியான், "அடுத்த வருஷமும் இங்கதான். கேன் வேணாம். பூட்ஸ் மட்டும் எடுத்துக்கிட்டு வருவோம்." மேஜை முழுக்கச் சிரித்தது. திம்சோ அப்பாவின் தோளைத் தட்டிச் சிரித்தான். இந்தத் தடவை அந்தச் சிரிப்பு கோல்யோவைக் குத்தவில்லை. கோப்பையைத் தூக்கினார்.

சர்ச்சில் நண்பகல் மணி அடித்தது. சமையலறைக் குழாய் ஒரு தடவை இருமி ஓய்ந்தது.

லிலியானா எழுந்தாள். "எங்க இருக்கு?" என்றாள். அவளைப் பார்த்துக் குழுத் தலைவரும் நாற்காலியைத் தள்ளினார். அவருக்குப் பின்னால் கடைசி வாசல்காரன். கடைசியில் மரியெத்தாவும் கையை உயர்த்தினாள், பள்ளியில் அனுமதி கேட்கும் பிள்ளை மாதிரி.

கோல்யோ குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். தொட்டியில் பாதித் தண்ணீர்கூட இல்லை, அதிலும் காரை மிதந்தது. நிமிர்ந்து கூரை ஓட்டையைப் பார்த்தார். சொட்டுவது நின்றுவிட்டிருந்தது. சம்பந்தி நன்றாகத்தான் மூடியிருக்கிறார், பாவி மனுஷன்.